ஆம்ப்ஸ் சரியாத்தான் இருக்கு, அப்புறம் காயில் ஏன் வெந்துச்சு?

போர்க்குழிக்குள் தண்ணீரில் மூழ்கி ஓடும் போர் மோட்டார் எரிந்துபோனால் நம் பக்கத்தில் முதல் திட்டு காயில் (உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று) கட்டினவருக்கு, அடுத்தது கரண்ட் ஆபீசுக்கு. இரண்டு பேர் மேலும் நிஜமாகவே தப்பு இருக்கும் நேரமும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல்லடம், காங்கேயம், ஊத்துக்குளி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து என் பட்டறைக்கு வரும் மோட்டார்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வேறு கதைதான் இருக்கும். உள்ளே உண்டான சூட்டுக்கு வெளியே போக வழி இருந்திருக்காது. ஓடும்போது ஆம்ப்ஸ் (இழுக்கும் கரண்ட்) சரியாகவே காட்டியிருக்கும், கரண்ட் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே ஒரு தடவைகூடத் தட்டியிருக்காது, காயில் மட்டும் கருகிப்போய் இருக்கும்.

நான் கோயமுத்தூர் கணபதியில் ஒரு பட்டறையில் காயில் கட்டப் பழகினவன். அப்புறம் சில வருஷம் ஓமானில், எண்ணெய்க் கிணற்றுக்குள் இறக்கும் பம்புகளைப் பிரித்துப் பார்க்கும் வேலை. அங்கே எரிந்த மோட்டாரை உடனே கட்டித் திருப்பி அனுப்ப விடமாட்டார்கள். ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மேஜையில் வரிசையாக வைத்து, படம் எடுத்து, எதனால் போச்சு என்று காரணம் எழுதின பிறகுதான் அடுத்த வேலை. அந்தப் பழக்கம் ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை. இங்கே எழுதுவது முக்கால்வாசி அதிலிருந்து வந்ததுதான்.

எண்ணெய்க் கிணற்று மோட்டாரை நம் ஊரில் பார்த்தவர்கள் குறைவு என்பதால் அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அமைப்பு நம்முடையதே: அடியில் மோட்டார், மேலே அடுக்கடுக்காக ஸ்டேஜ் (திரவத்தைத் தள்ளும் சுழலி) வைத்த பம்பு, இரண்டுக்கும் நடுவில் உறிஞ்சும் இடம். 1916 வாக்கில் ரஷ்யாவில் இருந்த அர்மெய்ஸ் அருட்டுனோவ் என்ற ஆர்மீனியர் யோசித்தது இது. 1920களில் அமெரிக்கா போய் எண்ணெய்க் கிணற்றிலேயே இறக்கி ஓட்டிக் காட்டினார். அவர் ஆரம்பித்த ரெடா என்ற பேர் இன்றைக்கும் அந்தத் தொழிலில் புழங்குகிறது. மோட்டாரின் விட்டம் நாலரை, ஐந்தரை இன்ச்தான், நீளம் மட்டும் 30 அடி வரை போகும். உள்ளே சுற்றும் பாகமான ரோட்டார் ஒரே துண்டாக இருக்காது, சின்னச் சின்னத் துண்டுகளாகக் கோத்து ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பேரிங் வைத்திருப்பார்கள். உள்ளே நிரப்புவது தண்ணீர் இல்லை, கரண்ட் கடத்தாத எண்ணெய். அந்த எண்ணெயில் துளித் தண்ணீர் கலந்தாலும் ஆபத்து. அதற்காகவே மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் புரொடெக்டர் என்று தனியாக ஒரு பகுதி உண்டு. எண்ணெய் சூடேறி விரியும்போது இடம் கொடுத்து, ஆறிச் சுருங்கும்போது கிணற்றில் இருப்பதை உள்ளே விடாமல் தடுக்கும். நம் மோட்டாரின் அடியில் ஒரு ரப்பர் டயாப்ரம் இருக்கிறதே, அது சின்ன அளவில் இதே வேலையைத்தான் பார்க்கிறது.

பூமிக்குள் போகப் போகச் சூடு ஏறும், உலகச் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி. மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் மோட்டார் ஓட ஆரம்பிக்கும் முன்பே சுற்றுப்புறம் 100 டிகிரியை எட்டிவிடும். கனடாவில் நீராவி செலுத்திக் கெட்டி எண்ணெயை இளக்கி எடுக்கும் கிணறுகளுக்கென்று 250 டிகிரி வரை தாங்கும் மோட்டார்களே இருக்கின்றன. காயில் ஒயருக்குப் பாலிஇமைடு, பீக் மாதிரி பூச்சுகள், கேபிளுக்கு ஈய உறை என்று காசைக் கொட்டிச் செய்திருப்பார்கள். அதுவும் எரிகிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான், உடம்பைச் சுற்றி ஓட வேண்டியது ஓடவில்லை. அதிலும் எண்ணெய் ஒரு மோசமான குளிர்விப்பான். ஒரே எடைக்குத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் சூட்டில் பாதிதான் வாங்கும். கேஸ் குமிழி கலந்து வந்தால் இன்னும் மோசம். அதனால் மோட்டாரை ஒட்டித் திரவம் வினாடிக்கு ஒரு அடி வேகத்திலாவது போக வேண்டும் என்று ஒரு பொதுக் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வேகம் கிடைக்காத கிணற்றில் மோட்டாரைச் சுற்றி ஒரு குழாய் உறை போட்டு இடைவெளியைச் சுருக்கிவிடுவார்கள்.

நம் மோட்டாருக்கு இந்த வசதி எதுவும் கிடையாது. தண்ணீர் நிரப்பும் மோட்டாரில் கட்டும் சாதா பி.வி.சி. ஒயருக்கு 70 டிகிரிதான் எல்லை, பாலி சுற்றின ஒயர் இன்னும் கொஞ்சம் தாங்கும். இறக்கும் இடத்திலேயே தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆக, மோட்டாருக்குச் சூடேற மிச்சம் இருப்பது 40 டிகிரிக்கும் குறைவு. இன்சுலேஷன் விஷயத்தில் ஒரு பழைய கணக்கு உண்டு, எல்லைக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்று. 20 டிகிரி தாண்டி ஓடினால் எட்டு வருஷம் வர வேண்டியது இரண்டு வருஷத்தில் படுத்துவிடும்.

சரி, ஒரு உதாரணம். குன்னத்தூர்ப் பக்கம் ஒரு தோட்டம், தென்னையும் கொஞ்சம் மஞ்சளும். ஏழரை எச்.பி., நாலு இன்ச் மோட்டார், ஆறரை இன்ச் போர். ஒரே வெயில் காலத்தில் திரும்பத் திரும்ப எரிந்து, காயில் கட்டினவரோடு சண்டை போட்டுவிட்டு என்னிடம் வந்தார். நல்ல மனிதர், ஆனால் வரும்போதே சூடாகத்தான் வந்தார்.

“ஏனுங் தம்பி, ஆம்ப்ஸ் பன்னெண்டரைதானுங்க காட்டுது. பிளேட்டுல பதினாலு போட்டிருக்குது. அப்புறம் எப்படீங்க வேகும்?”

“மோட்டாரு எத்தனை அடியிலங்ணா தொங்குது?”

“ஆயிரத்துல. போரு ஆயிரத்து அம்பது.”

“போர் வண்டி ஓட்டறப்ப தண்ணி எங்கெங்க வந்துச்சு?”

“நானூத்தி முப்பதுல கொஞ்சம், அறுநூறுகிட்ட கொஞ்சம். அதுக்கப்புறம் வெறும் புகைதானுங்க.”

விடை அந்தப் பேச்சிலேயே இருக்கிறது. ஊற்று இரண்டும் மேலே, மோட்டார் தொங்குவது கீழே. மேலிருந்து சுவரோடு இறங்கும் தண்ணீர் நேராகப் பம்பின் உறிஞ்சும் வாய்க்குப் போய்விடுகிறது. மோட்டாரோ அந்த வாய்க்குக் கீழே இருக்கிறது. அங்கே இருக்கும் தண்ணீர் அப்படியே நிற்கிறது, நகர்வதே இல்லை. பம்பு நன்றாகத் தண்ணீர் தள்ளுகிறது, லோடு சரியாக இருக்கிறது, ஆம்ப்ஸ் சரியாக இருக்கிறது. ஆம்ப்ஸ் மீட்டர் பார்ப்பது கரண்ட் எவ்வளவு போகிறது என்று மட்டும்தான், சூடு எங்கே போகிறது என்று அதற்குத் தெரியாது.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். ஏழரை எச்.பி. மோட்டார் வேலையாக மாற்றாமல் சூடாக வீணாக்குவது ஏறக்குறைய 1.8 கிலோவாட். குளிக்கத் தண்ணீர் காயவைக்கும் ஹீட்டர் ராடு ஒன்றைப் போருக்குள் எந்நேரமும் போட்டு வைத்த மாதிரி. மோட்டாரைச் சுற்றி நிற்கும் தண்ணீர் 20 லிட்டர்தான் இருக்கும். அது நகராமல் நின்றால் காகிதக் கணக்குப்படி பத்தே நிமிடத்தில் 12, 13 டிகிரி ஏறும். பாறை கொஞ்சம் உறிஞ்சும், சூடான தண்ணீர் தானாகக் கொஞ்சம் மேலே போகும், அதனால்தான் கொதிக்காமல் தப்பிக்கிறது. பம்பு இழுக்கும் தண்ணீர் நிமிடத்துக்கு 57 லிட்டர் வீதம் மோட்டாரை உரசிக்கொண்டு போனால் தண்ணீரின் சூடு அரை டிகிரிகூட ஏறாது. வித்தியாசம் இவ்வளவுதான், ஆனால் இதில்தான் எல்லாம் இருக்கிறது.

நாலு இன்ச் மோட்டாருக்கு உடம்பை ஒட்டி வினாடிக்கு 8 சென்டிமீட்டர், ஆறு இன்ச் மோட்டாருக்கு 16 சென்டிமீட்டர் வேகமாவது வேண்டும் என்று மோட்டார் செய்கிறவர்கள் சொல்வது வழக்கம். ஆறரை இன்ச் போருக்குள் நாலு இன்ச் மோட்டார் தொங்கினால் சுற்றிலும் இடைவெளி ரொம்பப் பெரிது. அந்த 57 லிட்டர் முழுவதும் கீழிருந்தே வந்தாலும் வேகம் ஆறரை சென்டிமீட்டர்தான் வரும், போதாது. ‘பெரிய போரில் சின்ன மோட்டார் நிம்மதியாக ஓடும்’ என்று நம் ஆட்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். சூட்டு விஷயத்தில் அது தலைகீழ்.

அவருக்குச் செய்தது இதுதான். முதலில் போர் கேமரா விட்டுப் பார்த்தோம், 430 அடியில் சுவரோடு தண்ணீர் வழிவது நன்றாகத் தெரிந்தது. அடுத்து, 140 மில்லி பி.வி.சி. குழாயில் ஒரு ஸ்லீவ், எண்ணெய்க் கிணற்றில் போடும் அந்தக் குழாய் உறை மாதிரி. உறிஞ்சும் வாய்க்கு மேலே குழாயை ரப்பர் வைத்து இறுக்கி மூடி, கேபிள் போகும் இடத்தையும் அடைத்து, கீழ்ப்பக்கம் மோட்டாரைத் தாண்டி ஒன்றரை அடி நீட்டித் திறந்தே விட்டோம். இனிமேல் மேலிருந்து வரும் தண்ணீர் ஸ்லீவுக்கு வெளியே கீழே இறங்கி, அடியில் திரும்பி, மோட்டாரை உரசிக்கொண்டுதான் வாய்க்கு வர முடியும். இடைவெளியும் சுருங்கியதால் வேகம் 15 சென்டிமீட்டர் ஆனது. போர் நேராக இல்லாவிட்டால் ஸ்லீவ் நடுவில் மாட்டிக்கொள்ளும், அதனால் அதே அளவில் ஒரு குழாய்த் துண்டைக் கயிற்றில் கட்டி முதலில் அடிவரை இறக்கிப் பார்க்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஆறரை இன்ச் போரில் ஆறு இன்ச் மோட்டார் என்றால் ஸ்லீவுக்கு இடமே இல்லை. அங்கே மோட்டாரை ஊற்றுக்கு மேலே ஏற்ற முடியுமா என்றுதான் பார்க்க வேண்டும், தண்ணீர் மட்டம் விட்டுக்கொடுத்தால்.

அந்த மோட்டாரின் உடம்பில் இன்னொரு விஷயமும் பார்த்தேன். கீழ்ப் பாதி முழுக்க வெள்ளைப் பொருக்கு, ஸ்க்ரூ டிரைவரால் தட்டினால் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. மேலே பம்பில் அது இல்லவே இல்லை. சுண்ணாம்பு உப்புக்கு ஒரு விசித்திரக் குணம், சர்க்கரை மாதிரி இல்லாமல் சூடான தண்ணீரில் குறைவாகத்தான் கரையும். அதனால் எது சூடாக இருக்கிறதோ அதன் மேலேயே போய்ப் படியும். படிந்த பிறகு அதுவே போர்வை ஆகிவிடும், சூடு இன்னும் ஏறும், இன்னும் படியும். ஓமானில் பழைய கிணறுகளில் எண்ணெயைவிட உப்புத் தண்ணீர்தான் அதிகம் வரும், அங்கேயும் மோட்டார் உடம்பில் இதே பொருக்கைச் சுரண்டியிருக்கிறேன். காங்கேயம், தாராபுரம் பக்கத்து உப்புத் தண்ணிக்காரர்கள் எதற்காக மோட்டாரைத் தூக்கினாலும் இறக்கும் முன் கம்பி பிரஷ் போட்டு உடம்பைச் சுத்தம் செய்துவிடுங்கள். பொருக்கு எந்த இடத்தில் தடிமனாக இருக்கிறது என்று ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள், சூடு எங்கே தேங்குகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி கிடையாது.

கருகின காயிலும் நிறையச் சொல்லும், கட்டுகிறவர் அதை அறுத்தெறியும் முன் பக்கத்தில் நின்று பாருங்கள். எல்லாச் சுற்றும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் குளிர்ச்சி போதவில்லை, இல்லாவிட்டால் லோடு அதிகம் அல்லது வோல்டேஜ் குறைவு. ஸ்டார் கனெக்‌ஷனில் மூன்று பேஸில் (கரண்ட் வரும் மூன்று வழி) இரண்டு பேஸின் சுற்று கருகி ஒன்று புதுசு போல இருந்தால், காயிலை இணைக்கும் இன்னொரு முறையான டெல்டாவில் ஒன்று மட்டும் கருகி இரண்டு நன்றாக இருந்தால், ஒரு பேஸ் போன பிறகும் ஓடியிருக்கிறது. ஒரே இடத்தில் ஓட்டை விழுந்த மாதிரி இருந்தால் அது சூட்டு விவகாரம் இல்லை, ஷார்ட் அல்லது இடி.

ஆம்ப்ஸ் குறைந்தால் சந்தோஷப்படும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. எண்ணெய்க் கிணற்றில் அதற்கு நேரெதிர், கரண்ட் குறைந்தால்தான் பதறுவார்கள். கேஸ் அடைத்துக்கொண்டால் பம்பு வெறுமனே சுற்றும், கரண்ட் இறங்கும், மோட்டாரைச் சுற்றி ஓட்டமும் நின்றுபோகும், சூடு மட்டும் ஏறும். அதனால் கரண்ட் ஒரு அளவுக்குக் கீழே போனால் தானாக நிற்கும்படி செட் பண்ணியிருப்பார்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் நம் ட்ரை ரன் பிரிவென்டரும் இதேதான், ஆனால் பாதிப் பேர் மோட்டார் பிளேட்டில் போட்ட ஆம்ப்ஸை வைத்து செட் பண்ணுகிறார்கள். உங்கள் போரில் நல்லபடியாகத் தண்ணீர் வரும்போது டாங் டெஸ்டரில் (ஒயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் மீட்டர்) என்ன காட்டுகிறதோ அதில் 80 சதவீதத்துக்கு வையுங்கள். பன்னிரண்டரை ஓடுகிற மோட்டாருக்குப் பத்து.

இனி மோட்டாரின் உள் சூட்டை அளக்கும் விஷயம். எண்ணெய்க் கிணற்றில் காயிலிலேயே சென்சார் வைத்து, கரண்ட் போகும் அதே கேபிள் வழியாக அந்த அளவை மேலே கொண்டுவந்துவிடுவார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, ஆனால் செம்பு இருக்கிறது. செம்பு சூடானால் அதன் ரெசிஸ்டன்ஸ் டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். காலையில் ஓட்டும் முன் பேனலில் இரண்டு பேஸுக்கு நடுவே ஓம்ஸ் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், சாதா மல்டிமீட்டர் போதாது, குறைந்த ஓம்ஸை நுணுக்கமாகக் காட்டும் மீட்டர் வேண்டும். ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு, நிறுத்தி, மெயினை இறக்கி, கண்டன்சர் இருந்தால் அதையும் பிரித்துவிட்டு, உடனே திரும்ப அளக்க வேண்டும். ஆயிரம் அடிக்கு 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கேபிள் என்றால் போக வர 1.85 ஓம்ஸ் அதற்கே போய்விடும், அதைக் கழித்துவிடுங்கள். காலையில் 4.25 இருந்தது என்றால் மோட்டார் 2.4. ஓடின பிறகு 4.73 என்றால் மோட்டார் 2.88, அதாவது 20 சதவீதம் ஏற்றம். செம்புக்கு 234.5 என்று ஒரு எண் உண்டு, அதோடு காலைச் சூடு 30-ஐக் கூட்டி, அதில் 20 சதவீதம் எடுத்தால் 53. ஆக காயில் 83 டிகிரியில் இருந்திருக்கிறது. பி.வி.சி. ஒயருக்கு எல்லை 70. ஆம்ப்ஸ் சரியாக இருக்கும்போதே இந்த எண் வரும், குன்னத்தூர்க்காரருக்கு இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டின பிறகுதான் ஸ்லீவுக்குச் சம்மதித்தார்.

கேபிள் என்றதும் இன்னொன்று. பத்து எச்.பி. மோட்டாருக்கு ஆயிரம் அடிக்கு 4 ஸ்கொயர் கேபிள் போட்டால் வழியிலேயே 35 வோல்ட் தொலைந்துபோகும், 6 ஸ்கொயரில் 23 வோல்ட். டிரான்ஸ்பார்மருக்குக் கடைசித் தோட்டமாக இருந்து 370 வோல்ட்தான் வருகிறது என்றால் மோட்டாருக்குப் போய்ச் சேருவது 335. அதே வேலையைச் செய்ய அது கரண்டைக் கூட இழுக்கும், சூடு கரண்டின் வர்க்கத்துக்கு ஏறும். மூன்று பேஸும் ஒரே அளவில் இல்லாவிட்டாலும் இதே தொல்லை. 410, 400, 390 என்று வந்தால் பார்க்க ஒன்றும் தெரியாது, சராசரியிலிருந்து இரண்டரை சதவீத வித்தியாசம்தான், ஆனால் மோட்டாரின் சூடேற்றம் 12 சதவீதம் கூடும். டூ பேஸ் நேரத்தில் (மூன்றில் இரண்டு பேஸ் மட்டும் வரும்போது) கண்டன்சர் போட்டு ஓட்டுவதைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம், தென்னை வாடும்போது யாரும் கேட்கப் போவதில்லை. ஓட்டத்தான் போகிறீர்கள் என்றால் மூன்று பேஸிலும் டாங் டெஸ்டர் வைத்துப் பார்த்து, எந்த பேஸ் பிளேட் அளவைத் தாண்டுகிறதோ அதற்கேற்றபடி கண்டன்சரை மாற்றுங்கள்.

இறக்கும் அன்றைக்கு நடக்கும் அவசரமும் ஒரு காரணம். லேபர் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று மோட்டாரில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி மூடியைப் போட்டுவிடுகிறார்கள். உள்ளே காற்று நின்றால் அது மேலே ஏறி மேல் புஷ் (ஷாப்டைத் தாங்கும் பேரிங்) இருக்கும் இடத்தில் தங்கும். அங்கே புஷ்ஷுக்கு ஈரமும் இல்லை, காயிலின் மேல் முனைக்குக் குளிர்ச்சியும் இல்லை. நல்ல தண்ணீராக மெதுவாக ஊற்றி, மோட்டாரைச் சாய்த்து ஆட்டி, குமிழி வருவது நின்ற பிறகு கால் மணி நேரம் விட்டு மறுபடி ஊற்றிப் பாருங்கள், எப்படியும் கொஞ்சம் வாங்கும். அப்புறம், போரின் அடியைத் தொடும்படி இறக்காதீர்கள். 15, 20 அடியாவது மேலே நிற்கட்டும், சேற்றில் புதைந்த மோட்டாருக்கு எந்த ஸ்லீவும் உதவாது.

இதெல்லாம் பார்த்து அலுத்துப்போய்த்தான் ஊற்று குறைந்த போர்க்காரர்கள் காற்றை அடித்துத் தண்ணீரை மேலே தள்ளும் கம்ப்ரசருக்கு மாறினார்கள் என்று நினைக்கிறேன். மோட்டார் மேலே ஷெட்டுக்குள் காற்றோட்டமாக நிற்கும், எரிந்தால் கழற்றுவது அரை மணி நேர வேலை. கரண்ட் எக்கச்சக்கமாகத் தின்னும் என்பது வேறு விஷயம், இலவச மின்சாரத்தில் அது யார் கண்ணிலும் படுவதில்லை.

இப்போது சோலார் பம்பு வந்த பிறகு புதுத் தினுசாக எரிந்து வருகின்றன. காலையிலும் மாலையிலும் வெயில் குறைவாக இருக்கும்போது டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பெட்டி) மோட்டாரை மெதுவாகச் சுற்றும், அப்போது சூடு குறைவு என்பது நிஜம், ஆனால் தண்ணீர் மேலே வந்து சேரும் அளவுக்கு வேகம் இல்லாவிட்டால் ஓட்டமே இல்லாமல் மோட்டார் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், அடியில் பாரத்தைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கும் அந்த வேகத்தில் தண்ணீர்ப் படலம் சரியாகக் கிடைக்காது. நீளமான கேபிளில் டிரைவ் வைத்தால் மோட்டார் முனையில் வோல்டேஜ் துள்ளல் வேறு வரும், அதற்கு டிரைவுக்குப் பக்கத்தில் ஒரு ஃபில்டர் வேண்டும். எண்ணெய்க் கிணறுகளில் டிரைவ் போடும்போது இது சாதாரணமாகச் சேர்ந்தே வரும், இங்கே கேட்டால்தான் தருகிறார்கள். போட வரும் ஆளிடம் ஃபில்டரைக் கேளுங்கள், 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஓடாதபடி டிரைவில் செட் பண்ணவும் சொல்லுங்கள். காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் தண்ணி வராது, எட்டு மணிக்கு வரும்.